டர்ட் பைக் ஓட்டுறவங்களுக்கும் நடக்குறவங்களுக்கும் ஏன் ஒத்துப்போக மாட்டேங்குது?

லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து லாஸ் வேகாஸ் போற வழியில, மொஹாவி பாலைவனத்துல பார்ஸ்டோன்னு ஒரு ஊர் இருக்கு. 1967ல இருந்து அங்க ஒரு டர்ட் பைக் ரேஸ் நடந்துச்சு, பார்ஸ்டோ டு வேகாஸ், ரோட்டுல இல்ல, பாலைவனத்துக்குள்ளயே. இந்த மாதிரி ரேஸ் எப்படி ஆரம்பிக்கும்னா, எல்லா பைக்கும் எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு ஒரே வரிசையில நிக்கும், தூரத்துல டயரைக் கொளுத்திப் புகை விட்டிருப்பாங்க, பாதை அங்கதான் ஆரம்பிக்குதுன்னு அடையாளம். பேனர் இறங்குனதும் அத்தனை பேரும் கிக் அடிச்சு அந்தப் புகையைப் பாத்து வெட்டவெளியில பாய்வாங்க. 1974ல கிட்டத்தட்ட 3,000 பேர் ஓட்டுனாங்க. அடுத்த வருஷமே பி.எல்.எம்.னு சொல்ற மத்திய அரசோட நில நிர்வாகத் துறை பர்மிஷன் குடுக்க மாட்டேன்னு சொல்லிருச்சு. ஓட்டுறவங்க விடல, பர்மிஷன் இல்லாமலே வருஷா வருஷம் எதிர்ப்பு ஊர்வலம் மாதிரி ஓட்டுனாங்க, அப்புறம் 1983ல மறுபடி அனுமதி கிடைச்சுது, 1989ஓட ரேஸ் மொத்தமா நின்னுச்சு.

பாலைவனத்துல பைக்காரங்களுக்கும் நடக்குறவங்களுக்கும் இருக்குற இந்த சண்டையை வெளியில இருந்து பாக்குறவங்க ரெண்டே வழியிலதான் பாப்பாங்க. பைக்காரங்க எல்லாம் பொறுப்பில்லாதவங்கன்னு ஒரு கூட்டம், ஹைக்கிங் போறவங்க எல்லாம் காட்டையே பட்டா போட்டு வச்சிருக்க மாதிரி பேசுறாங்கன்னு இன்னொரு கூட்டம். எனக்கு ரெண்டுமே சரியா படல. இதுல குணத்தை விட இயற்பியல் அதிகம். அதைப் புரிஞ்சுக்காம உபதேசம் மட்டும் பண்ணிட்டு இருந்தா இன்னும் 50 வருஷம் ஆனாலும் இதே சண்டைதான்.

முதல்ல மனுஷங்க பக்கம். 1964லயே மினசோட்டாவோட பவுண்டரி வாட்டர்ஸ் ஏரிகள்ல ராபர்ட் லூகாஸ்னு ஒரு ஆய்வாளர் ஒரு விஷயத்தைக் கவனிச்சார். துடுப்புப் போட்டு கேனோ ஓட்டுறவங்களுக்கு மோட்டார் போட் வந்தா பிடிக்கல, ஆனா மோட்டார் போட்காரங்களுக்கு கேனோவைப் பாத்தா ஒண்ணுமே தோணல. தொந்தரவு ஒரு பக்கமா மட்டும்தான் போகுது. பின்னாடி பனிச்சறுக்கு போறவங்களுக்கும் ஸ்னோமொபைல்னு பனியில மோட்டார் வண்டி ஓட்டுறவங்களுக்கும் நடுவுல, நடக்குறவங்களுக்கும் பைக்காரங்களுக்கும் நடுவுல எல்லாம் இதே மாதிரிதான்னு தெரிய வந்துச்சு. 1980ல ஜேக்கப், ஷ்ரேயர்னு ரெண்டு பேர் இதுக்கு ஒரு விளக்கம் குடுத்தாங்க: ஒருத்தர் எதுக்காக அங்க வந்தாரோ அந்த நோக்கத்தை இன்னொருத்தரோட செயல் கெடுத்தா அதுதான் மோதல். அமைதியைத் தேடி வந்தவருக்கு எஞ்சின் சத்தம் வந்த காரியத்தையே கெடுத்துடுது. மேடு பள்ளத்துல பேலன்ஸ் பண்ணி ஓட்டணும்னு வந்தவருக்கு ஓரமா ஒருத்தர் நடந்து போறது எதையும் கெடுக்கல. அதனாலதான் பைக்காரர் "நான் அவரை ஒண்ணுமே பண்ணலையே, ஏன் முறைக்கிறார்"னு நெஜமாவே குழம்பிப் போறார். அவர் நடிக்கல, அவர் இடத்துல இருந்து பாத்தா அப்படித்தான் தெரியும்.

இப்ப சத்தத்துக்கு வருவோம். கலிஃபோர்னியா சட்டப்படி 1986ல இருந்து தயாரான ஆஃப் ரோட் பைக் 96 டெசிபலுக்கு மேல போகக் கூடாது. அளக்குறது சைலன்சர் முனையில இருந்து 20 அங்குலம், அதாவது அரை மீட்டர் தள்ளி மீட்டரை வச்சு. திறந்தவெளியில தூரம் ரெண்டு மடங்காகும்போது சத்தம் 6 டெசிபல் குறையும், இதுதான் அடிப்படைக் கணக்கு. அரை மீட்டர்ல 96னா ஒரு மீட்டர்ல 90, ரெண்டுல 84, இப்படியே ரெண்டு ரெண்டு மடங்கா போனா 32 மீட்டர்ல 60, 500 மீட்டர் தாண்டும்போது 36, ஒரு கிலோமீட்டர்ல 30. முப்பது டெசிபல் எல்லாம் ஒரு சத்தமான்னு கேக்கலாம், ஊருக்குள்ள காதுலயே விழாதுதான், ஆனா காத்து அடிக்காத நேரத்துல பாலைவனத்தோட சொந்த சத்தமே 20, 30 டெசிபல்தான், அதனால காதுல விழும். அதுவும் இது சட்டத்துக்கு உட்பட்ட பைக், நிப்பாட்டி வச்சு எஞ்சினோட உச்ச வேகத்துல பாதியில அளந்தது. ஆக்சிலேட்டரை முழுசா முறுக்குனா இன்னும் மேல போகும், சைலன்சரைக் கழட்டிட்டு ரேஸ் பைப் மாட்டுனா அதுக்கும் மேல. குன்று குறுக்க வந்தா குறையும், மணலும் செடியும் கொஞ்சம் உறிஞ்சும், அதெல்லாம் இடத்தைப் பொறுத்தது.

இதை வச்சு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. பைக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கிலோமீட்டர் கேக்குதுன்னு வச்சுக்குவோம், ஒருத்தர் ஒரு நாள்ல 60 கிலோமீட்டர் ஓட்டுனா அவர் தொட்டுட்டுப் போற பரப்பு 120 சதுர கிலோமீட்டர். நடந்து போறவர் பேசிட்டே போனாலும் ரெண்டு பக்கமும் 30 மீட்டர், ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டர் நடந்தா ஒரு சதுர கிலோமீட்டர் கூட தேறாது. ரெண்டு பேரும் தலைக்கு ஒருத்தர்தான், ஆனா நிலத்துல அவங்க எடுத்துக்குற இடம் நூறு மடங்குக்கு மேல வித்தியாசம். பாலைவனம் எவ்ளோ பெருசு, எல்லாருக்கும் இடம் இருக்கேன்னு சொல்றவங்க இந்தக் கணக்கைப் போட்டதில்ல.

காலையில இன்னும் மோசம். ராத்திரி பூராவும் தரை குளிர்ந்து போயிருக்கும், தரையை ஒட்டின காத்து ஜில்லுனும் மேல இருக்குற காத்து சூடாவும் இருக்கும். சூடான காத்துல சத்தம் வேகமா போகும், அதனால மேல போன சத்த அலை வளைஞ்சு கீழ இறங்கும், வழக்கத்தை விட ரொம்ப தூரம் கேக்கும். மதியம் நேர் எதிரு, தரை கொதிக்கும், சத்தம் மேல வளைஞ்சு போயிரும். அதே பைக், அதே ரோடு, காலையில டென்ட்ல படுத்திருக்கவருக்கு காதுக்குள்ள ஓட்டுற மாதிரி இருக்கும், மதியம் அவருக்கே கேக்காது. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒவ்வொரு சுத்துக்கும் வெடிக்கும், ஃபோர் ஸ்ட்ரோக் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை, அதனால ஒரே வேகத்துல ஃபோர் ஸ்ட்ரோக்கோட சத்தம் கனமா, தாழ்ந்த சுதியில இருக்கும். கீச்சுக் குரலை காத்து சீக்கிரம் உறிஞ்சிரும், கனமான சத்தம்தான் தொலைதூரம் போய்ச் சேரும்.

அந்தக் கனமான சத்தம் மனுஷங்களை மட்டும் தொந்தரவு பண்ணல, இதைப் படிச்சப்ப எனக்கு மனசு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. அமெரிக்காவோட தென்மேற்குப் பாலைவனத்துல ஸ்பேட்ஃபூட்னு ஒரு தேரை இருக்கு, பின்னங்காலால மண்ணைத் தோண்டி உள்ள போய் வருஷத்துல பெரும்பாலான மாசம் பூமிக்கு அடியிலயே கெடக்கும். மழை பெய்யும்போது தரையில உண்டாகுற அதிர்வும் தாழ்ந்த சத்தமும்தான் அதுக்கு அலாரம். வெளிய வந்து ஒரு சில நாள்ல தேங்குன தண்ணியில முட்டை போட்டு, வயிறு முட்டத் தின்னுட்டு மறுபடி உள்ள போயிரும். 1983ல வெளியான ஒரு ஆய்வுல பதிவு பண்ணின மோட்டார்சைக்கிள் சத்தத்தைப் போட்டுக் காட்டுனாங்க, மழைன்னு நெனச்சு தேரை மேல வந்துச்சு. மழை இல்லாத மாசத்துல காய்ஞ்ச மணல்ல அது வந்து என்ன பண்ணும்? சேத்து வச்ச ஈரமும் கொழுப்பும் வீணாப் போறதுதான் மிச்சம். அதே ஆய்வுல, மணல்மேட்டுல ஓட்டுற டியூன் பகி வண்டியோட சத்தம் கேட்ட கங்காரு எலிக்கு காது மந்தமாகி பாம்பு ரொம்ப கிட்ட வர்ற வரைக்கும் தெரியாமப் போச்சுன்னும் பதிவு பண்ணியிருக்காங்க.

அடுத்தது மண்ணு. பாலைவன மண்ணோட மேல் தோலு சும்மா மணல் இல்ல, அதுக்கு உயிர் இருக்கு. மைக்ரோகோலியஸ்னு ஒரு நீலப்பச்சை பாக்டீரியா இழை இழையா வளரும், இழையைச் சுத்தி பசை மாதிரி ஒரு உறை, பூக்கட்டுற நார் மாதிரி மணல் துகளை எல்லாம் சேத்துக் கட்டி வச்சிருக்கும். அதோட பாசியும், பூஞ்சையும் ஆல்காவும் ஒண்ணா வாழுற லைக்கனும் சேந்து காத்துல மண்ணு பறக்காம பாத்துக்கும், சில வகை காத்துல இருக்குற நைட்ரஜனைப் பிடிச்சு மண்ணுக்கும் குடுக்கும். பட்டன் டயர் சுத்தும்போது அழுத்தம் ஒரு பக்கம், அதை விட முக்கியமா மண்ணைக் கிழிச்சுப் பின்னாடி எறியுற விசை இன்னொரு பக்கம், அந்த இழை எல்லாம் அறுந்து போகும். எழும்புற தூசி பக்கத்துல நல்லா இருக்குற மேல் தோலு மேல போய்ப் படியும், வெயில் படாம அதுவும் சாகும். பாக்டீரியா திரும்ப வர பல வருஷம், லைக்கன் வரணும்னா தலைமுறை கணக்கு. ரெண்டாம் உலகப்போருக்காக 1942ல இருந்து 1944 வரைக்கும் இதே பாலைவனத்துல டாங்கி வச்சுப் பயிற்சி எடுத்தாங்க, அந்தத் தடம் பல இடத்துல இன்னமும் தெரியுது.

ஒண்ணு நேர்மையா சொல்லிரணும், நடக்குறவங்களோட பூட்ஸும் அந்தத் தோலை உடைக்கும், குதிரையோட குளம்பும் உடைக்கும். வித்தியாசம் ஒரு நாள்ல எவ்ளோ தூரம் போறாங்க, விடாம கோடு போடுற தடமா இல்ல விட்டு விட்டு விழுற தடமாங்கிறதுல இருக்கு. பைக்கோட தடம் மேட்டுல இருந்து நேரா கீழ இறங்கினா, அடுத்த மழைக்குத் தண்ணி அதையே வாய்க்காலா எடுத்துக்கும், ரெண்டு மழையில முழங்கால் ஆழம் பள்ளம், பள்ளத்துல ஓட்ட முடியாம அடுத்து வர்றவர் பக்கத்துல புதுத் தடம் போடுவார், அப்படியே பாதை அகலமாகிட்டே போகும். பாலைவன ஆமையோட கதையும் இப்படி ஒத்தக் காரணத்துல அடங்காது. ஆயுசுல பெரும்பகுதியை வளைக்குள்ளயே கழிக்கிற ஜீவன் அது, வண்டி ஏறுனா வளை சரியும், ஆனா ஆமைக் குஞ்சைக் காக்கா தூக்கிட்டுப் போறது, மூச்சு நோய், வறட்சி, ரோட்டுல அடிபடுறதுன்னு நெறைய சேந்துதான் 1989ல அவசரமாவும் 1990ல நிரந்தரமாவும் அதைப் பாதுகாக்கப்பட்ட இனமா அறிவிச்சாங்க.

வேகம் இன்னொரு விஷயம், இதுல உயிரே போகலாம். 40 கிலோமீட்டர் வேகத்துல வர்ற பைக் ஒரு செகண்டுக்கு 11 மீட்டர் போகும். ஆளைப் பாத்து பிரேக் பிடிக்கிறதுக்குள்ள ஒன்றரை செகண்ட், அதுக்குள்ள 17 மீட்டர் போயிரும், உதிரி மண்ணுல நிக்க இன்னொரு 12, 13 மீட்டர். ஆக மொத்தம் 30 மீட்டர். எதிர்ல இன்னொரு பைக் வந்தா 60. புதர் மண்டுன வளைவுல 60 மீட்டர் யாருக்குத் தெரியும்? இதனாலதான் பொறுப்பா ஓட்டுறவங்க எதிர்ல வர்றவங்களுக்கு விரலைக் காட்டுவாங்க, மூணு விரல்னா பின்னாடி இன்னும் மூணு பேர் வர்றாங்க, மூடின கைன்னா நான்தான் கடைசி. குதிரையைப் பாத்தா பள்ளத்துப் பக்கமா ஒதுங்கி நின்னு எஞ்சினை ஆஃப் பண்ணணும், ஹெல்மெட்டைக் கழட்டணும், குதிரைக்காரர்கிட்ட சாதாரணமா பேசணும். ஹெல்மெட்டும் காகில்ஸும் மார்புக் கவசமும் போட்ட உருவத்தைக் குதிரை மனுஷன்னே எடுத்துக்காது, முகம் தெரிஞ்சு குரல் கேட்டாதான் அடங்கும்.

சர்வேல ஒரு பொறி இருக்கு, அதிகாரிகளே இதுல விழுவாங்க. ஒரு பாதையில போறவங்களை நிறுத்தி "உங்களுக்கு ஏதாவது தொந்தரவு இருக்கா"ன்னு கேட்டா பெரும்பாலும் இல்லன்னுதான் சொல்வாங்க. தொந்தரவு தாங்காதவங்க ஏற்கனவே அந்தப் பக்கம் வர்றதையே விட்டிருப்பாங்களே! இது ரெண்டு பக்கமும் பொருந்தும், ஒரு ஏரியாவை மூடினதும் பைக்காரங்க ஆவியாகிறதில்ல, பக்கத்து ஏரியாவுக்குத்தான் போறாங்க, அங்க நெரிசலும் சேதமும் ரெட்டிப்பாகும். குடும்பம் குடும்பமா புள்ளைகளோட வந்து கேம்ப் போட்டு, பரம்பரையா ஓட்டிட்டு இருந்த இடத்தை ஒரு நாள் காலையில கேட் போட்டு மூடினா அந்த வலியும் உண்மையான வலிதான்.

சட்டம் இதை ஆரம்பத்துலயே ஓரளவு புரிஞ்சுகிட்டுது. 1972ல அமெரிக்க அதிபர் நிக்சன் போட்ட 11644ங்கிற உத்தரவு, மண்ணு, தண்ணி, செடி, விலங்குக்கு சேதம் குறையணும், மத்தவங்களோட பொழுதுபோக்கோட மோதலும் குறையணும், அந்த மாதிரி இடமா பாத்து பாதை போடுங்கன்னு சொல்லுச்சு. 1977ல அதிபர் கார்ட்டர், சேதம் அதிகமானா உடனே மூடலாம்னு சேத்தார். கலிஃபோர்னியா 1971லயே ஆஃப் ரோட் வண்டிகளுக்குத் தனிச் சட்டம் போட்டு, ஓட்டுறவங்க கட்டுற ரிஜிஸ்ட்ரேஷன் பணத்தையும் பெட்ரோல் வரியில ஒரு பங்கையும் பாதை பராமரிப்புக்கும் சேதமான நிலத்தைச் சரி பண்றதுக்கும் திருப்பி விட்டுச்சு, என்னைக் கேட்டா இந்த மொத்தக் கதையிலயே உருப்படியான ஏற்பாடு அதுதான். 2019ல வந்த மத்திய சட்டம் கலிஃபோர்னியா பாலைவனத்துல மோட்டார் வண்டி போகக் கூடாத இயற்கைப் பகுதிகளைப் புதுசா அறிவிச்சுது, கூடவே ஜான்சன் வேலி, டியூமான்ட் டியூன்ஸ் மாதிரி 6 இடத்தை ஆஃப் ரோட் வண்டிக்குன்னே நிரந்தரமா ஒதுக்குச்சு. ரெண்டு பக்கமும் கையில ஏதோ ஒண்ணோட வீட்டுக்குப் போனாங்க.

பாதை போடுறவங்க கையிலயும் நெறைய இருக்கு. பாதையோட ஏத்தம் அந்தச் சரிவோட ஏத்தத்துல பாதிக்கு மேல போகக் கூடாதுங்கிறது ஒரு விதி, அப்பதான் தண்ணி பாதையோட ஓடாம குறுக்க வடியும். நடுநடுவுல சின்னச் சின்ன மேடு வச்சா தண்ணி அங்கங்க வெளிய போயிரும், பைக்குக்கும் வேகம் குறையும். ஒருவழிப் பாதையா போட்டா அந்த 60 மீட்டர் கணக்கு 30 ஆகும். பைக் பாதைக்கும் நடைபாதைக்கும் நடுவுல ஒரு குன்று இருக்குற மாதிரி பாத்துப் போட்டா சத்தத்துல பாதிப் பிரச்சனை தீர்ந்துரும். நல்ல சைலன்சர் மாட்டி 6 டெசிபல் குறைச்சா கேக்குற தூரம் பாதியாகும், அதான் அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கமே சத்தம் குறைஞ்சா நமக்கு இடம் கூடும்னு ஓட்டுறவங்ககிட்ட பிரசாரம் பண்ணுது.

இப்ப எலக்ட்ரிக் டர்ட் பைக் வந்திருக்கு, எஞ்சின் சத்தமே இல்ல, எல்லாம் தீர்ந்துச்சுன்னு பல பேர் சந்தோஷப்படுறாங்க. சத்தம் போச்சு, சரி. ஆனா டயர் மண்ணைக் கிழிக்கிற விசை அப்படியேதான் இருக்கு, நின்ன இடத்துல இருந்தே மோட்டார் முழு முறுக்கு விசையையும் குடுக்குறதால சில நேரம் கூடவே இருக்கு. 30 மீட்டர் கணக்கும் மாறல, இன்னும் சொல்லப்போனா முன்னாடி பைக் வர்றது அரைக் கிலோமீட்டர் தள்ளியே கேட்டு குதிரைக்காரர் ஒதுங்கிப்பார், இப்ப வளைவுல திடீர்னு முன்னால வந்து நிக்கும்போதுதான் தெரியுது. சத்தத்துக்காக மட்டும் எலக்ட்ரிக்கை நடைபாதையில விடலாம்னு முடிவு பண்றவங்க, அந்த வளைவுல ரெண்டு பக்கமும் எத்தனை மீட்டர் தெரியுதுன்னு ஒரு டேப்பை எடுத்துட்டுப் போய் அளந்து பாத்துட்டு முடிவு பண்ணட்டும்.