இயற்கை மளிகையின் விலை நியாயமானதா? வாங்குபவருக்குச் சட்டம் தரும் உரிமைகள்

இயற்கை (ஆர்கானிக்) மளிகைப் பொருளை இன்ன விலைக்கு மேல் விற்கக் கூடாது என்று தனியாக உச்சவரம்பு விதிக்கும் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. பொட்டலத்தின் மீது அச்சிடப்படும் அதிகபட்ச சில்லறை விலையை (எம்.ஆர்.பி.) தயாரிப்பாளரோ பொட்டலமிடுபவரோதான் முடிவு செய்கிறார். வாங்குபவருக்குச் சட்டம் தந்திருப்பது, விவரங்களைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமை. அந்த உரிமை எடையளவுச் சட்டத்திலும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலுமாகப் பிரிந்து கிடப்பதால், பலரும் அதில் பாதியைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

முதலில் விலை. 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின்படி, எம்.ஆர்.பி. என்பது எல்லா வரிகளும் சேர்ந்த தொகை. அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம், குறைத்து விற்கத் தடையில்லை. ஒரே பொருளின் ஒரே அளவுப் பொட்டலத்துக்கு இடத்துக்கு ஒரு எம்.ஆர்.பி. அச்சிடவும் கூடாது. அச்சிட்ட விலையை உயர்த்தி ஸ்டிக்கர் ஒட்டுவதும் விதிமீறலே. 2021இல் செய்யப்பட்ட திருத்தம் இவற்றோடு அலகு விலையையும் அச்சிடச் சொல்கிறது: ஒரு கிலோவுக்குக் குறைவான பொட்டலத்தில் ஒரு கிராமின் விலையும், ஒரு கிலோவுக்கு மேற்பட்டதில் ஒரு கிலோவின் விலையும் இருக்க வேண்டும். இயற்கைப் பொருட்கள் பெரும்பாலும் சிறு பொட்டலங்களில் வருவதால் இந்தச் சிறிய எழுத்து மிகவும் பயன்படும். உதாரணமாக, 400 கிராம் துவரம் பருப்பு 76 ரூபாய் என்றால் கிராமுக்கு 0.19 ரூபாய் என்று போட்டிருப்பார்கள். 2 கிலோ பொட்டலம் 350 ரூபாய் என்றால் கிலோவுக்கு 175 என்றிருக்கும். முதல் எண்ணை ஆயிரத்தால் பெருக்கினால் 190 வரும். சிறு பொட்டலத்துக்குக் கிலோவுக்கு 15 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்பது அப்போதுதான் தெரிகிறது.

அடுத்தது, அந்த விலைக்குக் காரணமாகச் சொல்லப்படும் தன்மை உண்மையா என்பது. 2017ஆம் ஆண்டின் அங்கக (ஆர்கானிக்) உணவு ஒழுங்குமுறைகள் 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. ‘ஆர்கானிக்’ என்று விற்கப்படும் உணவுக்கு, என்.பி.ஓ.பி. எனப்படும் தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் சான்றோ, பி.ஜி.எஸ்.–இந்தியா எனப்படும் பங்கேற்பு உத்தரவாத முறையின் சான்றோ இருக்க வேண்டும்; பொட்டலத்தில் அங்கக உணவுக்கான அரசு முத்திரையும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண்ணும் இருக்க வேண்டும். முதல் முறையில் வெளியிலிருந்து ஒரு சான்றளிப்பு நிறுவனம் வந்து ஆய்வு செய்கிறது; ஏற்றுமதிக்கும் செல்லுபடியாகும், செலவும் அதிகம். இரண்டாவதில் அருகருகே உள்ள விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை மற்றவர் பார்த்து உறுதி செய்கிறார்கள். செலவு மிகக் குறைவு, உள்நாட்டு விற்பனைக்கு இது போதும். ரசாயன விவசாயத்திலிருந்து மாறிக்கொண்டிருக்கும் வயலின் விளைச்சலுக்கு ‘பி.ஜி.எஸ். கிரீன்’ என்றும், முழுமையாக மாறிய பிறகு ‘பி.ஜி.எஸ். ஆர்கானிக்’ என்றும் தனித்தனிக் குறி உண்டு. முன்னதைப் பின்னதன் விலைக்கு விற்றால் காரணம் கேட்கலாம்.

அங்கக விவசாயத்தை ஊக்குவிக்கும் மத்திய அரசின் பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா திட்டத்தில் ஒரு ஹெக்டேருக்கு மூன்று ஆண்டுகளில் 31,500 ரூபாய் உதவி உண்டு. இதில் 15,000 ரூபாய் இடுபொருளுக்காக நேரடியாக விவசாயியின் வங்கிக் கணக்கில் சேர்கிறது. சான்றளிப்புக்கும் பொட்டலமிடலுக்கும் தனித்தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஆகவே இத்திட்டத்தின் கீழ் விளைந்த பி.ஜி.எஸ். பொருளுக்கு ‘சான்றிதழ் செலவு’ என்று சொல்லி இரட்டிப்பு விலை கேட்டால், அந்தக் காரணம் அவ்வளவாக நிற்காது. கைக்களை எடுக்கும் கூலி, குறைந்த மகசூல், வண்டு விழுந்து வீணாகும் இருப்பு ஆகியவை உண்மையான செலவுகள்தாம்; அவற்றைச் சொல்லி விலை கேட்பவரிடம் பேரம் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு உற்பத்தியாளரோ உற்பத்தியாளர் அமைப்போ நுகர்வோருக்கு நேரடியாக விற்கும்போது சான்று கட்டாயமில்லை. ஆனால் அவர்கள் அங்கக உணவுக்கான அரசு முத்திரையைப் பயன்படுத்த முடியாது. இடைத்தரகு இல்லாததால் விலை குறைய இங்கேதான் வாய்ப்பு அதிகம். அரிசி, பருப்பு, மாவு போன்றவற்றை அடைத்து லேபிள் ஒட்டிய பொட்டலமாக வாங்கினால் 25 கிலோ வரை 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு, சில்லறையாக அளந்து வாங்கினால் அந்த வரி கிடையாது என்பதையும் கணக்கில் கொள்ளலாம்.

விலை, எடை, அச்சிட்ட விவரம் தொடர்பான புகார்களைத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவு விசாரிக்கிறது. பொய்யான ஆர்கானிக் முத்திரை பற்றி மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்துமூலம் தெரிவிக்கலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைக்கலாம். இழப்பீடு கோரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லும்போது, பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பில்லையும், விலை அச்சிட்ட பக்கம் கிழியாத பொட்டலத்தையும் வைத்திருந்தால் போதும்.