மேடு தெரிந்தால் துகள் ஆகிவிடுமா?

2015 டிசம்பர் 15. ஜெனீவா அருகே, புரோட்டான்களை மோதவிட்டு ஆராயும் சேர்ன் ஆய்வகத்தில் நடந்த கருத்தரங்கை என் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஃபோட்டான்கள் (ஒளித் துகள்கள்) சேர்ந்து வெளிப்பட்ட நிகழ்வுகளின் வரைபடம் திரைக்கு வந்தது. வழவழவென்று இறங்கிப்போகும் கோட்டில், 750 ஜிஇவி பக்கத்தில் சில புள்ளிகள் மட்டும் தலைதூக்கி நின்றன. (ஜிஇவி என்பது துகள்களின் நிறையைச் சொல்லும் அலகு; ஒரு புரோட்டானின் நிறை ஏறக்குறைய 1 ஜிஇவி. ஒரு துகள் இரண்டு ஃபோட்டான்களாகச் சிதைந்தால், அதன் நிறை இருக்கும் இடத்தில் இப்படி மேடு தெரியும்.) அங்கே தனித்தனிக் கருவிகளால் மோதல்களைப் பதிவு செய்யும் அட்லஸ், சிஎம்எஸ் இரண்டு குழுக்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் மேடு. இரவுக்குள் சித்தப்பாவிடமிருந்து வாட்ஸ்அப்: “புதுத் துகள் கண்டுபிடிச்சிட்டாங்களாமே, நீ சொல்லவே இல்லையே?”

மோதல் தரவை அலசுவதுதான் என் பிழைப்பு. அடுத்த எட்டு மாதங்களில் அந்த மேட்டுக்கு விளக்கம் சொல்லி 500-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. அவற்றில் எனக்குப் பிடித்த விளக்கம் ஒன்று உண்டு: இதுவரை யாரும் பார்க்காத கனமான குவார்க்கும் (புரோட்டானுக்குள் இருப்பது போன்ற அடிப்படைத் துகள்) அதே நிறையும் எதிர் மின்னூட்டமும் கொண்ட அதன் எதிர்க்குவார்க்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுற்றும் பிணைப்புநிலை. ஜோடியின் நிறை, குவார்க்கின் நிறையைப் போல இரண்டு மடங்கைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஆகவே 750-ஐப் பார்த்தால், ஒவ்வொன்றும் சுமார் 375.

இரண்டு ஃபோட்டான்களாக ஏன் சிதைய வேண்டும்? குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் மோதி அழியும்போது ஒளியாக மாறும் வேகம், மின்னூட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. தெரிந்த குவார்க்குகளில் மிகக் கனமான டாப் குவார்க்கின் மின்னூட்டம், புரோட்டானுடையதை 1 என்று வைத்தால், 2/3. அதே நிறையில் 5/3 மின்னூட்டம் கொண்ட ஒரு குவார்க் இருந்தால், அந்த வேகம் ஏறக்குறைய 39 மடங்கு. கணக்கு அழகாக உட்கார்ந்தது.

அழகாக உட்கார்ந்ததுதான் எனக்கு உறுத்தியது. 375 ஜிஇவியில் அப்படியொரு குவார்க் இருந்தால், பிணையாமல் தனித்தனியாகவும் ஜோடி ஜோடியாக ஆயிரக்கணக்கில் உண்டாகியிருக்கும். அவற்றை ஏற்கெனவே பார்த்திருக்க வேண்டுமே? பார்க்கவில்லை. எனவே அது பின்னணி இரைச்சலில் கரைந்துவிடும் விதமாகச் சிதைகிறது என்று இன்னொரு அனுமானம் சேர்க்க வேண்டியிருந்தது. ஒரு மேட்டைக் காப்பாற்ற எத்தனை முட்டுக்கொடுக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். செய்தி படிக்கும்போது அதுவே நல்ல அளவுகோல்.

அப்புறம் சிக்மா: மேடு தற்செயலாக வந்திருக்க எவ்வளவு வாய்ப்புக் குறைவு என்று சொல்லும் அளவு. ஐந்து சிக்மா என்றால், தற்செயலாக அப்படி நேர ஏறக்குறைய 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. அதற்குக் கீழே ‘கண்டுபிடிப்பு’ என்ற சொல்லை நாங்கள் தொடுவதில்லை. ஆனால் அந்த எண் எந்த இடத்துக்கானது என்பதுதான் சூட்சுமம். 750-இல் மட்டும் பார்த்தால் அட்லஸின் மேடு மூன்றரை சிக்மாவைத் தாண்டியது. ஆனால் அவர்கள் 750-ஐ மட்டுமா பார்த்தார்கள்? அகலமான நிறை வரம்பு முழுக்கத் தேடினார்கள். தோப்பு முழுக்கக் காக்கைகள் உட்கார்ந்தால் எங்காவது ஒரு பனம்பழம் விழத்தானே செய்யும்? அதைக் கணக்கில் சேர்த்ததும் மதிப்பு இரண்டு சிக்மா அளவுக்கு இறங்கியது. குழுக்கள் இதை அன்றைக்கே சொல்லின; செய்திகளில் பெரும்பாலும் பெரிய எண்தான் போனது.

எனக்கும் ஒரு மேடு கிடைத்தது உண்டு, ஆய்வு மாணவனாக இருந்தபோது. 20 ஜிஇவி அகலப் பட்டைகளாக வரைந்த வரைபடத்தில் கோபுரம்போல நின்றது. இரண்டு நாள் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் பட்டையை 25 ஆக்கினேன்; கோபுரம் இருந்த இடத்தில் தரைதான் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

பெரியவர்களுக்கும் நடந்திருக்கிறது. 1976-இல் அமெரிக்காவின் ஃபெர்மிலேப் ஆய்வகத்தில் லியான் லெடர்மேன் குழு 6 ஜிஇவி அருகே புதுத் துகள் என்று அறிவித்து, அப்சிலான் என்று பெயரும் சூட்டியது. கூடுதல் தரவு வந்ததும் அது மறைந்தது. ‘ஊப்ஸ்-லியான்’ என்று சக ஆய்வாளர்கள் கேலி செய்தார்கள். மறு ஆண்டே அதே குழு 9.5 அருகே உண்மையான அப்சிலானைப் பிடித்தது: பாட்டம் குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த பிணைப்புநிலை. அது தனியாக வரவில்லை, 10 ஜிஇவி பக்கம் தம்பியும் கூடவே. 1974 நவம்பரில் ஜே/சை (சார்ம் குவார்க் ஜோடியின் பிணைப்புநிலை) வந்தபோதும் அப்படித்தான். அறிவித்துப் பத்து நாளில் அதன் கனமான உடன்பிறப்பும் வந்து நின்றது. பிணைப்புநிலைக்குக் குடும்பம் இருக்கும்.

750 மேட்டுக்குக் குடும்பம் வரவேயில்லை. 2016 ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டில், பல மடங்கு கூடுதல் தரவுடன் இரண்டு குழுக்களும் வந்தன. மேடு சமமாகிப் போயிருந்தது. சித்தப்பாவுக்கு அதைச் சொன்னேன். “இது பேப்பர்ல வரலையே” என்றார்.

2025-இல் மறுபடியும் ஒரு மேடு. இம்முறை குவார்க் கற்பனையானது அல்ல: 1995 முதல் நமக்குத் தெரிந்த டாப். அது பிறந்து நொடியின் கோடி கோடியில் ஒரு பங்கைவிட மிக மிகக் குறைந்த நேரத்தில் சிதைந்துவிடுவதால், பிணைய நேரமே இருக்காது என்றுதான் பாடங்களில் படித்தோம். ஆனால் டாப் ஜோடி உருவாகும் வாசலில், 345 ஜிஇவி அருகே, எதிர்பார்த்ததைவிட அதிக நிகழ்வுகள். சிஎம்எஸ் முதலில் ஐந்து சிக்மாவுக்கு மேல் சொன்னது. சில மாதங்களில் அட்லஸும் 7.7 சிக்மாவுடன் வழிமொழிந்தது. இரண்டும் அளந்த உற்பத்தி அளவு ஒத்துப்போகிறது. சிதையும் முன் டாப் ஜோடி ஒரு கணம் ஒன்றையொன்று உணர்கிறது (டாப்போனியம் என்கிறார்கள்) என்பது எளிய விளக்கம். அதே நிறையில் வேறொரு புதுத் துகள் என்பதையும் குழுக்கள் முற்றிலும் தள்ளிவிடவில்லை.

சித்தப்பாவின் செய்தி இந்தத் தடவையும் வந்தது. “டாப்போனியமாமே. ரெண்டு குழுவும் பார்த்தாச்சா?”

“ஆச்சு” என்று பதில் போட்டேன். “எத்தனை சிக்மா?” என்றார்.