பைக்குக்கு அடியில் ஒரு முக்கோணம்

செயினுக்கு லூப் (மசகு எண்ணெய்) அடிக்கப் பின்சக்கரம் தரையைத் தொடாமல் சுழல வேண்டும். என்ஜின் ஆயில் அளவைப் பார்க்க வண்டி சாயாமல் நிற்க வேண்டும். டியூப் மாற்றுவதென்றால் சக்கரத்தையே கழற்ற வேண்டும். சைடு ஸ்டாண்டில் இவை எதுவும் ஆகாது. அதனால் வீட்டிலேயே வண்டி வேலை பார்க்க நினைப்பவர்கள் ஸ்பானர் செட் வாங்கிய கையோடு ஒரு ஸ்டாண்டையும் தேட ஆரம்பிக்கிறார்கள். கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோ தாங்கும்?" கேட்க வேண்டியதுதான். ஆனால் வீட்டில் ஸ்டாண்ட் உடைந்து வண்டி விழுவது அபூர்வம். கவிழ்ந்து விழுவதுதான் அதிகம். ஆகவே அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. ஸ்டாண்டில் ஏற்றியபின் வண்டி தரையை எந்தெந்தப் புள்ளிகளில் தொடுகிறது? அந்தப் புள்ளிகளுக்கு நடுவே அதன் எடை எங்கே விழுகிறது?

தொடும் புள்ளிகளைக் கோடுபோட்டு இணைத்தால் ஒரு வடிவம் கிடைக்கும். வண்டியின் ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழே ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் அது அந்த வடிவத்துக்குள் விழ வேண்டும். விளிம்பைத் தாண்டினால் வண்டி சாயும். விளிம்புக்கும் குண்டுக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் மிச்சம் இருக்கிறதோ, அவ்வளவுதான் உங்கள் பாதுகாப்பு.

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ஐ எடுத்துக்கொள்வோம். எடை 195 கிலோ, இரு சக்கரங்களுக்கும் இடையே 139 செ.மீ. சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினால் ஸ்டாண்டின் இரண்டு கால்களும் முன் டயரும் சேர்ந்து ஒரு முக்கோணம். கால்களுக்கு நடுவே 30 செ.மீ. இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஈர்ப்பு மையம் இந்தக் கால்களுக்குச் சற்று முன்னால், முக்கோணத்தின் அகலமான பகுதியிலேயே விழுகிறது. பக்கத்துக்குச் சுமார் 13 செ.மீ. மிச்சம். அதே எடையுள்ள வண்டியைப் பின்பக்கம் பேடாக் ஸ்டாண்டில் (வண்டியோடு ஒட்டாத, சக்கரம் வைத்த தனி ஸ்டாண்ட்) தூக்கினால், ஸ்டாண்டின் சக்கரங்கள் 40 செ.மீ. அகலத்தில் இருந்தாலும் அவை பின் ஆக்சிலுக்கு, அதாவது பின்சக்கர அச்சுக்கு, அருகில் இருக்கின்றன. ஈர்ப்பு மையமோ வண்டியின் நடுவில். அந்த இடத்துக்கு வருவதற்குள் முக்கோணம் பாதியாகக் குறுகிவிடுகிறது. பக்கத்துக்குச் சுமார் 10 செ.மீ.தான். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய டேங்க் மட்டத்தில், பக்கவாட்டில் தள்ளினால் முதல் வண்டி சாயச் சுமார் 25 கிலோ விசை வேண்டும். இரண்டாவதற்கு 20 கிலோ போதும். பார்வைக்கு அகலமாக, கெட்டியாகத் தெரிகிற ஸ்டாண்ட் இங்கே தோற்கிறது.

அதனால் என் கருத்து இது: வண்டியோடு சென்டர் ஸ்டாண்ட் வந்திருந்தால், செயின் வேலைக்கும் பின்சக்கர வேலைக்கும் வேறெதுவும் வாங்க வேண்டாம். அதில் ஏற்றுவது கஷ்டம் என்று பலர் ஒதுக்குகிறார்கள். கணக்குப் போட்டால் அது கஷ்டமான வேலையே இல்லை. பின்சக்கரம் 4 செ.மீ. எழும்போது ஈர்ப்பு மையம் சுமார் 2 செ.மீ. எழும். 195 கிலோவை 2 செ.மீ. தூக்க ஆகும் ஆற்றல் 38 ஜூல்; 4 கிலோ அரிசிப் பையை ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும் அலமாரியில் வைக்க ஆகும் அளவு. தவறு கையால் தூக்கப் பார்ப்பதில் இருக்கிறது. இரண்டு கால்களும் தரையில் சமமாகப் படிந்ததை உணர்ந்தபின், உடம்பின் முழு எடையையும் ஸ்டாண்டின் மிதிமீது இறக்க வேண்டும். கை வண்டியைப் பின்னோக்கி வழிகாட்டினால் போதும். அப்படியும் ஏறவில்லை என்றால் பின் டயருக்கு அடியில் 2 செ.மீ. கனத்தில் ஒரு பலகை. தூக்க வேண்டிய உயரம் பாதியாகிவிடும்.

ஏறிய வண்டி தானாக இறங்காமல் இருப்பதற்குக் காரணம், கால்கள் செங்குத்தைத் தாண்டி முன்பக்கம் சென்று ஒரு தடுப்பில் முட்டி நிற்பது. எடை அழுத்த அழுத்தக் கால்கள் அந்தத் தடுப்பிலேயே இன்னும் இறுகும். ஆனால் வண்டியை முன்னோக்கித் தள்ளினால் அதே கால்கள் செங்குத்தைத் திரும்பக் கடந்து மடங்கிவிடும். இறுகிப்போன ஆக்சில் நட்டை ஸ்பானரால் முன்பக்கம் இழுத்துத் திருகும்போது வண்டி குதித்து இறங்குவது இதனால்தான். அந்த நட்டை முதலில் தளர்த்திவிட்டு, பிறகு வண்டியை ஸ்டாண்டில் ஏற்றுங்கள். போர்டிகோ தரை தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகத்தான் இருக்கும். வண்டியின் முகம் மேட்டைப் பார்த்து இருக்கட்டும்.

யமஹா ஆர்15, கேடிஎம் டியூக் போன்ற வண்டிகளில் சென்டர் ஸ்டாண்டே கிடையாது. எடை கூடும், வளைவில் சாயும்போது தரையில் உரசும் என்பது காரணம். இவற்றுக்குப் பேடாக் ஸ்டாண்ட்தான் வழி. அது ஒரு நெம்புகோல். அதன் சக்கரம்தான் நெம்புகோலின் ஆதாரப்புள்ளி. கொக்கி அதிலிருந்து 12 செ.மீ. முன்னால், கைப்பிடி 60 செ.மீ. பின்னால் என்றால், பின்பக்கம் இறங்கும் 100 கிலோவை 20 கிலோ விசையால் தூக்கிவிடலாம். கைப்பிடியை அழுத்தும்போது கடைசி ஓரங்குலத்தில் அது தானாகவே கீழே இழுபடுவதை உணர்வீர்கள். கொக்கி, சக்கரத்தின் உச்சியைக் கடந்து பின்னால் விழுந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அந்த இழுப்பு வரவில்லை என்றால் கையை எடுக்காதீர்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது கொக்கி. ஸ்விங் ஆர்மின் (பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை) இருபுறமும் துளை இருந்தால் அதில் ஸ்பூல் போல்ட் (நூற்கண்டு வடிவ போல்ட்) மாட்டி, பிளவுள்ள கொக்கியால் தூக்கலாம். போல்ட் 6, 8, 10 மி.மீ. என வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் அளந்து வாங்குங்கள். துளை இல்லாத வண்டிக்கு ஸ்விங் ஆர்மின் அடியில் தாங்கும் எல் வடிவ ரப்பர் தாங்கிகள் உண்டு. இவை வழுக்கும், ஸ்பூல் அளவுக்கு நம்பிக்கை தராது. எந்த வகையானாலும் முன் பிரேக் லீவரை ஒரு டியூப் ரப்பர் துண்டால் இழுத்துக் கட்டிவிடுங்கள். கியரில் போட்டு வைப்பதால் பயனில்லை, பின்சக்கரம்தான் காற்றில் இருக்கிறதே. இறக்கும்போது சைடு ஸ்டாண்டை முதலில் விரித்துவிட்டு, பிறகு கைப்பிடியைத் தூக்குங்கள்.

முன்பக்க ஸ்டாண்டைப் பின்பக்க ஸ்டாண்டுக்குப் பிறகே மாட்ட வேண்டும். தனியாக முன்பக்கத்தைத் தூக்கினால் வண்டி நிமிர்ந்து நிற்கப் பிடிமானம் இல்லை. ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரு குழாய்கள்) அடியில் தாங்கும் வகை சக்கரத்தைக் கழற்ற மட்டுமே உதவும். ஃபோர்க்கையே கழற்றி ஆயில் சீல் மாற்ற வேண்டுமானால் ஹேண்டில்பார் தண்டின் அடித்துளையில் ஊசி நுழைத்துத் தூக்கும் வகை வேண்டும். எதைக் கழற்றப் போகிறோமோ அதன்மேல் ஸ்டாண்ட் தாங்கி நிற்கக் கூடாது. பின் ஷாக் அப்சார்பரைக் கழற்றுவதற்கு ஸ்விங் ஆர்மைத் தாங்கும் ஸ்டாண்ட் உதவாததும் இதனால்தான்: ஷாக் விலகிய உடனே உடல்பகுதி கீழே இறங்கிவிடும்.

திருகத் திருகக் கத்தரிக்கோல் போல விரிந்து உயரும் கத்தரிக்கோல் ஜாக்கியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மடங்கிய நிலையில் அதைத் திருகுவது கடினமாகவும், உயர உயர எளிதாகவும் இருக்கும். ஜாக்கியின் கைகள் தரையோடு 15 பாகைக் கோணத்தில் இருக்கும்போது, 100 கிலோவைத் தூக்கத் திருகில் 370 கிலோ இழுவிசை விழும். 45 பாகையில் அதே சுமைக்கு 100 கிலோ. 60 பாகையில் 58 கிலோதான். ஆகவே மடங்கிய உயரம் வண்டியின் தரை இடைவெளியைவிட நன்றாகக் குறைவாக உள்ள ஜாக்கியை வாங்குங்கள். வண்டியின் இரும்புச் சட்டத்தைத் தொடுவதற்குள் அதன் கைகள் ஓரளவு விரிந்திருக்கும், திருகுக்குப் பாடு குறையும். திருகின் மரைச்சரிவு மிகக் குறைவு என்பதால் உராய்வே அதைப் பூட்டிவிடுகிறது. கையை எடுத்தாலும் தானாகச் சுழன்று இறங்காது. ஆனால் வண்டியின் இரு சக்கரமும் மேலே எழும்பினால், தாங்கும் வடிவம் ஜாக்கியின் சிறிய அடித்தளமாகச் சுருங்கிவிடும். அதைத் தனியாக நம்பாமல், சென்டர் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தித் தாங்க மட்டும் பயன்படுத்துவதே நல்லது. என்ஜின் அடியில் ஆயில் வடிக்கும் போல்ட், சைலன்சர் குழாய் எதன்மேலும் அது அழுந்தக் கூடாது. வயிற்றுக்கு அடியிலேயே சைலன்சர் உள்ள பழைய டியூக்குகளுக்கு இந்த ஜாக்கி பொருந்தாது.

வண்டியை இடுப்பு உயரத்துக்குத் தூக்கும் ஹைட்ராலிக் மேசை முதுகுக்குப் பெரிய வரம். ஆனால் அதில் எடையைத் தாங்குவது சிலிண்டருக்குள் அடைபட்ட எண்ணெய். சீல் தேய்ந்தால் மெல்லக் கசியும், மேசை இறங்கும். இரும்பு ஊசி ஒன்றைச் செருகிப் பூட்டும் வசதி இருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் செருகவும் வேண்டும். தனி ஷெட்டும், என்ஜினை அடிக்கடி திறக்கும் பழக்கமும் உள்ளவர்களுக்கு மட்டுமே இது தேவை.

எந்த ஸ்டாண்டானாலும், செயினைத் துடைக்கும்போது என்ஜின் ஓடவே கூடாது. கியரில் போட்டுச் சக்கரம் சுழலச் சுழலத் துணியைப் பிடிப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். துணியின் ஒரு நூல் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பற்சக்கரம்) பல்லில் சிக்கினால் விரலும் சேர்ந்து போகும். நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுழற்றி, ஸ்பிராக்கெட்டை விட்டு விலகி வரும் பக்கத்தில் துடையுங்கள்.