61-1ஐயும் 54-17ஐயும் ஒரே தராசில் வைக்கலாமா?

2023இல் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணி அமெரிக்கக் கல்லூரி சாஃப்ட்பால் (பேஸ்பாலை ஒத்த ஆட்டம்) பட்டத்தை வென்றது. அந்த சீசனில் 61 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. அதே ஆண்டு பேஸ்பால் பட்டம் வென்ற எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்), 54 ஆட்டங்களில் வென்று 17இல் தோற்றது. வெற்றி சதவீதத்தை மட்டும் பார்த்து கோச்சுகளை எடைபோடுபவருக்கு, ஓக்லஹோமாவின் சாஃப்ட்பால் கோச் பேட்டி காஸோ (Patty Gasso) எட்டாத உயரத்தில் தெரிவார். ஆனால் பேஸ்பாலில் 17 தோல்வி என்பது அருமையான சீசன். 2008இல் ஃப்ரெஸ்னோ ஸ்டேட் 31 முறை தோற்றும் சாம்பியன் ஆனதே!

வித்தியாசம் பிட்ச்சரிடம், அதாவது பந்து வீசுபவரிடம், இருக்கிறது. பேஸ்பாலில் 60 அடி 6 அங்குலத்திலிருந்து, பெரும்பாலும் தோளுக்கு மேலாகக் கையைச் சுழற்றி வீசுகிறார்கள். வெள்ளிக்கிழமை ஆட்டத்தைத் தொடங்கிய பிட்ச்சர் வழக்கமாக அடுத்த வெள்ளிதான் மறுபடி தொடங்குவார். வார இறுதி மூன்று ஆட்டங்களுக்கு மூவர், வார நடுவில் ஆட்டம் இருந்தால் நான்காவது ஆள் வேண்டும். சாஃப்ட்பாலில் தூரம் 43 அடி, கீழ்க்கை வீச்சு, ஆட்டமும் ஏழே இன்னிங்ஸ். ஐந்து இன்னிங்ஸ் முடிவில் எட்டு ரன் முன்னிலை இருந்தால் அத்தோடு சரி. ஒரே பெண் வெள்ளியும் வீசுவாள், ஞாயிறும் வீசுவாள்.

ஆகவே சாஃப்ட்பால் கோச்சின் கணக்கைப் பார்க்கும்போது முதலில் இன்னிங்ஸைப் பிரித்துப் பாருங்கள். 56 ஆட்டம், ஆட்டத்துக்கு ஏழு என்றால் 392 இன்னிங்ஸ். அதில் 240ஐ ஒருத்தியே வீசியிருந்தால் 61 சதவீதம். அவள் படிப்பு முடிந்து போன பிறகு வந்த இரண்டு சீசன்களைத் தனியே எடுத்துப் பாருங்கள். கோச்சின் கைவண்ணம் எது, அவளுடையது எது என்பது அங்கேதான் பிரியும்.

பேஸ்பால் கோச்சுக்கு வேறு தலைவலி. அவர் தேர்ந்தெடுத்த பள்ளி மாணவன் கல்லூரிக்கு வராமலே தொழில்முறை டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) போய்விடலாம்; வந்தவனும் மூன்றாம் ஆண்டு முடிவில் கிளம்பலாம். அவர் ஆட்களைத் தக்கவைக்கவில்லை என்று குறை எழுதும் முன் அந்தப் பட்டியலைப் பார்ப்பது நியாயம்.

வாழ்நாள் வெற்றி எண்ணிக்கையும் ஏமாற்றும். ஃப்ளோரிடா ஸ்டேட் பேஸ்பால் கோச் மைக் மார்ட்டின் 40 சீசனில் 2,029 வெற்றி பெற்றார். தேசியப் பட்டத்தை முடிவு செய்யும் கல்லூரி உலகத் தொடருக்கு 17 முறை போயும் பட்டம் கிடைக்கவில்லை. அரிசோனா சாஃப்ட்பால் கோச் மைக் கேன்ட்ரியாவுக்கு 1,674 வெற்றி, எட்டுப் பட்டங்கள். 2004, 2008 ஒலிம்பிக் அணிகளுக்காக அவர் விலகியிருந்த கல்லூரி சீசன்கள் இந்தக் கணக்கில் சேராது. இருவரில் யார் பெரியவர் என்பது டீக்கடை வாதம். மார்ட்டினை அவர் காலத்து பேஸ்பால் கோச்சுகளோடும், கேன்ட்ரியாவை சாஃப்ட்பால் கோச்சுகளோடும் ஒப்பிட்டால்தான் பதில் கிடைக்கும். சீசன் தொடங்கும் பிப்ரவரியில் பலவீனமான அணிகளை அடித்துச் சேர்த்த வெற்றிகளைக் கழித்துவிட்டு, லீக் ஆட்டங்களையும் தேசியப் போட்டி ஆட்டங்களையும் மட்டும் ஐந்தைந்து ஆண்டாக எடுங்கள்.

பள்ளி அளவில் இது வெறும் புள்ளிவிவரம் அல்ல. ஒவ்வொரு மாநிலமும் பேஸ்பாலில் வீச்சு எண்ணிக்கைக்கு வரம்பும் ஓய்வு நாளும் வகுக்க வேண்டும் என்ற கட்டாயம் 2017இல் வந்தது. அந்த உத்தரவில் சாஃப்ட்பால் இல்லை. கீழ்க்கை வீச்சு தோளைப் பாதிக்காது என்ற நினைப்பு தவறு. பளபளப்பான வெற்றிப் பட்டியலோடு ஒரு சாஃப்ட்பால் கோச் வந்தால், அவருடைய முதல் பிட்ச்சர் அடுத்தடுத்த நாட்களில் எத்தனை இன்னிங்ஸ் வீசினாள் என்று ஸ்கோர் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.