நெல் நிறுக்கும் டிஜிட்டல் தராசு: முத்திரை இருந்தால் மட்டும் போதாது

தராசு பிழையாகக் காட்டி மூடைக்கு அரைக் கிலோ போனால் யாரும் கணக்கெடுப்பதில்லை. 200 மூடைக்கு அது 100 கிலோ நெல். அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் இப்படி இழந்த விவசாயிகளைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இலங்கையில் இதற்கான சட்டம் 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம். வியாபாரத்துக்குப் பயன்படும் தராசை வருடாவருடம் சரிபார்த்து முத்திரையிட வேண்டும். அவ்வளவுதான். தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

டிஜிட்டல் தராசின் லோட் செல், அதாவது பாரத்தை மின் சமிக்ஞையாக மாற்றும் பாகம், முழுப் பாரம் ஏற்றினாலும் சில பத்து மில்லிவோல்ட் சமிக்ஞைதான் தரும். பக்கத்தில் மில் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வேர்ட்டர் ஓடினால், அதன் மின்காந்த இரைச்சல் அந்தச் சமிக்ஞைக்குள் புகுந்துவிடும். சம்மாந்துறைப் பக்கம் ஒரு மில்லில் பார்த்தேன்: வெறும் தட்டு, டிஸ்பிளேயில் பூச்சியம். மோட்டாரைப் போட்டதும் 0.4, பிறகு 0.2, பிறகு மைனஸ். ஓரத்தில் இந்த வருட முத்திரை ஒழுங்காகத்தான் இருந்தது.

காரணம் இதுதான். முத்திரையிடும் நாளில் தராசைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குப் போவார்கள். அங்கே மோட்டாரும் இல்லை, இன்வேர்ட்டரும் இல்லை. தராசு அங்கே சரியாகத்தான் நிறுக்கும். ஆகவே “முத்திரை இருக்கே” என்று யாராவது வாயை அடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

முறைப்பாடு செய்யப் போனால் அலைச்சல். நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடித்தால், “நீங்கள் நெல்லை விற்பவர், நுகர்வோர் அல்ல” என்று பதில் வரலாம். கமநல சேவை நிலையத்துக்குப் போனால் பிரதேச செயலகத்தைக் காட்டுவார்கள், அங்கே போனால் பொலிஸைக் காட்டுவார்கள். இதில் நாட்களை வீணாக்க வேண்டாம். நேரே மாவட்டச் செயலகத்தில், அதாவது கச்சேரியில், அளவீட்டு அலகுகள் பிரிவைக் கேளுங்கள். பொத்துவிலில் இருந்து அம்பாறை நகரத்துக்குப் போய், “அதிகாரி வெளிக்கள வேலைக்குப் போய்விட்டார்” என்று கேட்டுத் திரும்புவது என்ன நியாயம்? போகும் முன் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள், அது அரசியலமைப்பு தந்த உரிமை. ஒரு பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் படியிறங்காதீர்கள். வாய்முறைப்பாடு காற்றோடு போய்விடும்.

கடிதத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: “மோட்டார் ஓடும்போது, தராசு வழமையாக இருக்கும் இடத்திலேயே பரிசோதிக்கவும்.” இது இல்லாவிட்டால் தராசை வெளியே எடுத்துப் பார்த்து, சரி என்று எழுதி, கோப்பை மூடிவிடுவார்கள்.

வீடியோ எடுப்பவர்கள் கவனம். கைத்தொலைபேசியை டிஸ்பிளேக்கு அருகில் பிடித்தால் அதுவே சில தராசுகளைக் குழப்பும். பிறகு, “உன் போனால்தான் ஆடியது” என்பார்கள். இரண்டு மீற்றர் தள்ளி நில்லுங்கள். முதலில் மோட்டார் நிற்கும்போது வெறும் தட்டு, அப்புறம் ஓடும்போது வெறும் தட்டு, பிறகு இரண்டு நிலையிலும் ஒரே படிக்கல். எல்லாம் வெட்டாமல் ஒரே வீடியோவில் வரட்டும்.

மில்காரர்களில் நேர்மையாகத் திருத்த நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு பொறி உண்டு. தராசுக் கடைக்காரர் சொன்னார் என்று, இரைச்சலைத் தடுக்கத் தராசைத் திறந்து உள்ளே தகரம் வைத்தால் முத்திரை உடையும், முத்திரை உடைந்த தராசில் வியாபாரம் செய்யக் கூடாது. தராசைத் தொடாமல், இரைச்சல் கிளம்பும் இன்வேர்ட்டரை உலோகப் பெட்டிக்குள் வையுங்கள். மூடி பெட்டியில் பொருந்தும் விளிம்பில் பெயின்றைச் சுரண்டி, உலோகத்தோடு உலோகம் தொட வேண்டும். பெயின்ற் பூசிய மூடியை நான்கு ஆணியில் மாட்டினால் பெட்டி இருந்தும் இல்லாத மாதிரிதான், இடுக்கு வழியே இரைச்சல் கசியும். மோட்டாருக்குப் போகும் வயரும் உலோக வலை சுற்றிய வயராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வயரே அன்ரனா ஆகிவிடும். இன்வேர்ட்டருக்குக் காற்று போக வழி விடுங்கள், ஆனால் ஒரு பெரிய ஓட்டையை விடப் பல சிறு துளைகள் நல்லது. எர்த் இணைப்பை உரிமம் பெற்ற மின்னியலாளரிடம் கொடுங்கள்.

கடிதம் கொடுத்தும் அசைவில்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்தத் தராசு கடைசியாக எப்போது, எங்கே வைத்துப் பரிசோதிக்கப்பட்டது என்று கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். அறுவடை நடக்கும்போதே இதையெல்லாம் செய்யுங்கள். மில் மோட்டார் நின்ற பிறகு வரும் பரிசோதகருக்கு எந்தத் தராசும் சரியாகத்தான் காட்டும்.