விழித்திரையில் பதியும் இரத்த அழுத்தத்தின் தடம்

கண்ணாடியின் பவர் மாற்ற வரும் நடுத்தர வயதினருக்குச் சொட்டு மருந்தால் கண்பாவையை விரித்து விழித்திரையைப் பார்த்த பின், "கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தீர்கள்?" என்று கேட்க வேண்டிய நிலை எனக்கு அடிக்கடி வருகிறது. கண்ணுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று அவர்களில் பலரும் வியக்கிறார்கள்.

தோலை அறுக்காமல், ஊசி செலுத்தாமல், சிறு தமனிகளையும் சிரைகளையும் நேரடியாகப் பார்க்க உடலில் விழித்திரை ஒன்றே இடம் தருகிறது. 1851-இல் ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வெளியிட்ட, கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியான ஆப்தால்மாஸ்கோப் இதைச் சாத்தியமாக்கியது. மூளையிலும் சிறுநீரகத்திலும் ஓடுபவற்றை ஒத்த நுண்குழாய்கள் இவை என்பதால், இங்கே தெரியும் சேதம் அங்கும் நிகழ்ந்துகொண்டிருக்கலாம் என்று ஐயுறுவதற்கு இடமிருக்கிறது.

இரத்த அழுத்தம் உயரும்போது நுண்தமனிகள் முதலில் சுருங்கி அதைத் தாங்கிக்கொள்கின்றன. அழுத்தம் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் குழாயின் சுவர் தடித்து, அதன் மீது விழும் ஒளி அகன்று பிரதிபலிக்கும். அந்த ஒளியின் நிறத்தை வைத்து முதலில் செம்புக்கம்பி என்றும், முற்றிய நிலையில் வெள்ளிக்கம்பி என்றும் குறிப்பிடுகிறோம். தமனியும் சிரையும் குறுக்கிடும் இடங்களைத்தான் நான் கூடுதல் கவனத்துடன் பார்ப்பேன். அங்கே இரண்டுக்கும் பொதுவான ஓர் உறை இருப்பதால், தடித்த தமனி தனக்கு அடியில் செல்லும் மெல்லிய சிரையை நெருக்குகிறது. சிரையின் கிளையில் இரத்தம் உறைந்து ஒரு பகுதிப் பார்வை திடீரென மங்கும் நோய் பெரும்பாலும் இத்தகைய சந்திப்பிலேயே தொடங்குகிறது. சுவர் தாங்க முடியாத கட்டத்தில் தீச்சுடர் வடிவ இரத்தக்கசிவுகளும், நரம்பிழைகளுக்கு இரத்தம் எட்டாததால் தோன்றும் வெண்பஞ்சுத் திட்டுகளும், கடைசியாகப் பார்வை நரம்பின் முகப்பு வீங்குவதும் காணப்படும்.

1939-இல் கீத், வேகனர், பார்க்கர் ஆகிய மூன்று மருத்துவர்கள் இந்த மாற்றங்களை நான்கு படிகளாக வகுத்தார்கள். பயனுள்ள மருந்துகள் இல்லாத அக்காலத்தில், முதல் படியில் இருந்தவர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் மூன்றாண்டுகளுக்குப் பின்னும் உயிரோடிருந்தனர். நான்காம் படியிலோ அது 6 விழுக்காடுதான். அந்தப் பாகுபாடு இன்றும் பயன்படுகிறது என்றாலும், முதலிரண்டு படிகளைப் பிரிப்பதில் மருத்துவருக்கு மருத்துவர் கருத்து மாறும்; முதுமையும் இதே போன்ற மாற்றங்களை உண்டாக்கும். ஆகவே "குழாய்கள் சற்றே சுருங்கியுள்ளன" என்ற வரியை அறிக்கையில் படித்து அஞ்ச வேண்டியதில்லை. சில நாட்கள் அழுத்தத்தை அளந்து குறித்துக்கொண்டால் போதும். கசிவும் பஞ்சுத் திட்டும் தெரிந்துவிட்டால் தாமதத்துக்கு இடமில்லை.

வேறொரு வகை எச்சரிக்கையும் கண்ணில் வருவதுண்டு. கழுத்துத் தமனியின் கொழுப்புப் படிவிலிருந்து பெயர்ந்த துணுக்கு ஒன்று விழித்திரைத் தமனியின் கிளைப்பிரிவில் மஞ்சள் நிறத்தில் மின்னிக்கொண்டு நிற்பதைக் காணலாம். ஒரு கண்ணின் பார்வை திரை இறங்கியதுபோல் மறைந்து சில நிமிடங்களில் திரும்பிவிட்டால், வலியில்லாத காரணத்தால் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. என் அனுபவத்தில் மிக எளிதாகக் கைநழுவிப் போகும் அறிகுறி இதுவே. பக்கவாதத்துக்குரிய அவசரத்துடன் இதை அணுக வேண்டும். பார்வை திரும்பாமலே போனால், கண்ணாடிக் கடைக்கோ மறுநாள் சந்திப்புக்கோ காத்திராமல், பக்கவாத சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும்.

விழித்திரையால் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது என்பதையும் கூறியாக வேண்டும். மாரடைப்பு பெரும்பாலும் இதயத்தின் பெரிய தமனிகளில் படியும் கொழுப்பால் நேர்வது. விழித்திரை நன்றாக இருக்கிறது என்பதால் இதயமும் நன்றாக இருப்பதாகப் பொருளில்லை. 2018-இல் கூகுள் ஆய்வாளர்கள், ஏறத்தாழ 2,84,000 பேரின் விழித்திரைப் படங்களைக் கொண்டு பயிற்றுவித்த கணினி, ஒருவரின் வயதைச் சராசரியாக மூன்றேகால் ஆண்டுப் பிழைக்குள் கணித்ததாகவும், இதயநோய் வாய்ப்பை ஓரளவு கணித்ததாகவும் வெளியிட்டனர். வியப்பூட்டும் திறன்தான், ஆனால் அழுத்தத்தை அறிய, கையில் கட்டும் பட்டை அதைவிட எளிது, துல்லியமும் கூட.

நீரிழிவும் விழித்திரைக் குழாய்களைப் பாதிக்கும் என்பதால், அது உள்ளவர்கள் பார்வை தெளிவாக இருந்தாலும், மருத்துவர் வேறு இடைவெளி சொல்லாதவரை, ஆண்டுக்கொரு முறை விழித்திரையைக் காட்டிக்கொண்டு அந்த அறிக்கையைத் தம் பொது மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். கண்ணில் பிரஷரின் பாதிப்பு இருப்பதாக அறிந்தவர்கள் வீட்டிலிருக்கும் மாத்திரைகளைத் தாமாகவே கூட்டி விழுங்கவும் கூடாது. மிக உயர்ந்த அழுத்தத்தைச் சட்டென்று கீழிறக்கினால் பார்வை நரம்புக்கும் மூளைக்கும் இரத்த ஓட்டம் குறைந்து, நிரந்தரப் பார்வை இழப்பே நேரக்கூடும் என்பதால், எவ்வளவு வேகத்தில் குறைப்பது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.