ஹோலோகாஸ்ட்: பலியா, அழிவா, அழிப்பா?

ஹிட்லரின் நாஜிகள் யூதர்களைக் கொன்றொழித்ததை ஆங்கிலத்தில் ‘ஹோலோகாஸ்ட்’ என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? தமிழ் பைபிளில் லேவியராகமம் முதல் அதிகாரத்திலேயே ‘சர்வாங்க தகனபலி’ வந்துவிடும். பழுதற்ற காளையைத் தோலுரித்து, சந்து சந்தாகத் துண்டித்து, பலிபீடத்தில் முழுவதையும் எரித்துவிட வேண்டும். அந்த இறைச்சியில் யாருக்கும் பங்கு கிடையாது. எபிரேயத்தில் இதற்கு ‘ஓலா’ என்று பெயர். கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் ‘ஹோலோஸ்’ (முழுவதும்), ‘காஸ்டோஸ்’ (எரிந்த) என்ற இரு சொற்களைச் சேர்த்தார்கள். அதுதான் லத்தீன் வழியாக வந்து ஹோலோகாஸ்ட் ஆனது. சர்வாங்கம், தகனம்: சொல்லுக்குச் சொல் கச்சிதமான தமிழ் ஏற்கெனவே இருக்கிறது.

சிக்கலே அந்தக் கச்சிதத்தில்தான். பலி என்றால் கொடுப்பவர் ஒருவர் வேண்டும், ஏற்கும் கடவுளும் வேண்டும். நாஜிகள் கொன்ற சுமார் 60 லட்சம் யூதர்களை யார், யாருக்குக் கொடுத்தார்கள்? ‘லாரி மோதி மூவர் பலி’ என்று தினமும் படித்துப் பழகிய நமக்கு இது அவ்வளவாக உறைப்பதில்லை. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் 174517 என்ற எண் கையில் குத்தப்பட்டு, உயிரோடு திரும்பிய இத்தாலிய எழுத்தாளர் பிரீமோ லேவிக்கு உறைத்தது. அந்தச் சொல் தனக்குப் பிடிக்கவில்லை, பிறருக்குப் புரிய வேண்டுமே என்றுதான் பயன்படுத்துகிறேன் என்றார்.

எபிரேயத்தில் இன்று சொல்வது ‘ஷோவா’. இதுவும் பைபிள் சொல்தான். செப்பனியா நூலில் ‘அழிவும் பாழ்க்கடிப்புமான நாள்’ என்று வருகிறதே, அந்த ‘அழிவு’ மூலத்தில் ஷோவா. பலியின் வாடை இல்லை, சரி. ஆனால் எசேக்கியேலில் இதே சொல் பெருங்காற்றையும் குறிக்கிறது. தமிழில் ‘பேரழிவு’ என்று எழுதினாலும் அதே குறைதான்: சுனாமியும் பேரழிவு, நிலநடுக்கமும் பேரழிவு. அழிவு தானாக நேர்வது. அழிப்பு ஒருவன் செய்வது. ஒரு ‘ப்’ வந்ததும் செய்தவன் சொல்லுக்குள் வந்து நின்றுவிடுகிறான்.

ரஃபேல் லெம்கின் என்ற போலந்து யூத வழக்கறிஞர் 1944இல் ‘ஜெனோசைட்’ என்ற சொல்லை உருவாக்கினார். ‘ஜெனோஸ்’ கிரேக்கத்தில் இனம். ‘சைட்’ லத்தீனில் கொலை. தன் உறவினர்களில் 49 பேரை இழந்தவர் அவர். இதற்குத் தமிழில் இனப்படுகொலை, இனவழிப்பு இரண்டும் வழங்குகின்றன. ஹோலோகாஸ்ட்டுக்கு ‘யூத இனவழிப்பு’ என்பதே என் தேர்வு. இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ‘புலி கொல் யானை’யில் புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா என்று இலக்கண வகுப்பில் திணறுவோமே, அதே தொல்லை: யூதர்களை அழித்ததா, யூதர்கள் அழித்ததா? முதல்முறை எழுதும்போது ‘நாஜிகள் நடத்திய யூத இனவழிப்பு’ என்று முழுதாக எழுதிவிட்டால் தீர்ந்தது.

அப்புறம், உள்ளே இருந்து எழுதியவர்களின் சொல். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் இதற்கு ‘ஹுர்பன்’ என்று பெயர். எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்டதற்கு யூதர்கள் வழிவழியாகச் சொல்லிவந்த சொல். போலந்தின் வார்சா நகரில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த பகுதியான கெட்டோவில் வரலாற்றாசிரியர் எம்மானுவேல் ரிங்கல்புளூம் ஒரு ரகசியக் குழுவைக் கூட்டி, நடப்பதையெல்லாம் எழுதவைத்தார். நாட்குறிப்பு, கவிதை, ரேஷன் அட்டை, டிராம் டிக்கெட், மிட்டாய்க் காகிதம் வரை சேர்த்து, தகரப்பெட்டிகளிலும் பால் கேன்களிலும் போட்டுப் புதைத்தார்கள். 1946இல் 10 பெட்டிகள் கிடைத்தன. உள்ளே தண்ணீர் புகுந்து பல தாள்கள் நைந்திருந்தன. 1950இல் 2 கேன்கள் கிடைத்தன. ரிங்கல்புளூம் 1944இலேயே கொல்லப்பட்டிருந்தார்.

அந்தத் தாள்களில் ஹோலோகாஸ்ட் என்ற பெயரைத் தேடிப் பயனில்லை. அது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ஆகவே வரலாறு எழுதும்போது யூத இனவழிப்பு என்று எழுதலாம். பிழைத்தவர், பிழைக்காதவர் எழுத்தைத் தமிழாக்கும்போது மட்டும், ஹுர்பன் என்று அவர் எழுதியிருந்தால் ஹுர்பன் என்றே விட்டுவிட்டு, அடிக்குறிப்பில் இடிந்த ஆலயத்தைச் சொல்லலாம்.